ஃபிரெட் குட்வின்: பட்டயக் கணக்காளரும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும்

ஃபிரெட் குட்வின் யார், ‘சர்’ பட்டம் வரை பெற்ற ஒரு வங்கியாளர் நாடே வெறுக்கும் நிலைக்கு எப்படி வந்தார், அவர் செய்தது குற்றமென்றால் ஏன் சிறைக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக் கணக்குகளைப் படிப்பதில் நீண்ட காலம் செலவிட்டவன் என்ற முறையில், இந்தக் கதையைப் பேராசைக்காரர் ஒருவரின் வீழ்ச்சி என்று மட்டும் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு துறையில் அசாத்தியத் திறமை கொண்ட ஒருவரை, அந்தத் திறமைக்கு வேலையே இல்லாத ஓர் இடத்தில் உட்கார வைத்து, எட்டு ஆண்டுகள் எவரும் அவரைத் தடுத்துக் கேட்காமல் இருந்த கதை இது. அதை விளங்கிக்கொள்ள அவர் வங்கிக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குட்வின் 1958 ஆகஸ்ட் 17 அன்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள பெய்ஸ்லி என்ற நெசவாலை ஊரில் பிறந்தார். தந்தை மின்பணியாளர். பெய்ஸ்லி கிராமர் பள்ளியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், கிளாஸ்கோவில் சட்டம் பயின்றார். ஆனால் வழக்கறிஞராகவில்லை, டூஷ் ராஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து 1983-இல் பட்டயக் கணக்காளராகத் தகுதி பெற்றார், 1988-இல் முப்பது வயதிலேயே அந்த நிறுவனத்தில் பங்காளியானார். பரம்பரைச் செல்வமோ பெரிய இடத்து உறவோ இல்லாமல் உழைப்பாலும் நினைவாற்றலாலும் மேலே வந்தவர் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பின்னாளில் அவர்மேல் கொட்டப்பட்ட வெறுப்பில் இந்தப் பகுதி மறைந்தே போய்விட்டது.

அவரை வெளியுலகத்துக்கு அறிமுகப்படுத்தியது ஒரு வங்கியின் மரணம். ஆகா ஹசன் அபேதி 1972-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல், அதாவது பி.சி.சி.ஐ., பல நாடுகளில் கிளை பரப்பியிருந்தது. மோசடியும் பொய்க் கணக்கும் வெளிப்பட்டு 1991 ஜூலை 5 அன்று பல நாடுகளின் அதிகாரிகள் ஒரே சமயத்தில் அதை மூடினார்கள். பிரிட்டனில் வாழ்ந்த தெற்காசியச் சிறு வணிகர்கள் பலருடைய வாழ்நாள் சேமிப்பு அதில் இருந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் உள்ளாட்சி மன்றமே பெருந்தொகையைப் பறிகொடுத்தது. அந்த வங்கியைக் கலைத்து, எஞ்சிய சொத்தைத் தேடிப் பிடித்துப் பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணி டூஷ் ராஸ் கைக்கு வந்தபோது, உலகம் முழுவதும் பரவிய அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த குட்வின். பெரும் பணியாளர் படையை நடத்துவதையும், குழம்பிக் கிடக்கும் கணக்கை வரிவரியாகப் பிரித்து ஒழுங்குக்குக் கொண்டுவருவதையும், இரக்கமில்லாமல் முடிவெடுப்பதையும் அவர் அங்கே கற்றுக்கொண்டார். கலைப்புப் பணிக்கு அந்தக் குணங்கள் வேண்டும். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற வங்கியாளரின் அடிப்படைத் தீர்ப்பை மட்டும் அந்தப் பணி எவருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

1995-இல் அவர் கிளைட்ஸ்டேல் வங்கியின் துணை முதன்மைச் செயல் அலுவலராகச் சேர்ந்தார். கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வங்கி அப்போது நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் உடைமை. மறு ஆண்டே அதன் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. செலவைக் கத்தரித்துத் தள்ளுவதில் அவர் காட்டிய வேகத்தால்தான் ‘ஃபிரெட் த ஷ்ரெட்’, அதாவது துண்டு துண்டாகக் கிழிக்கும் ஃபிரெட், என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1998-இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் முதன்மைச் செயல் அலுவலராக இருந்த ஜார்ஜ் மேத்யூசன் அவரைத் தன் துணைவராக அழைத்துக்கொண்டார். 1727-இல் எடின்பரோவில் தொடங்கப்பட்ட, மதிப்பும் எச்சரிக்கையும் மிக்க அந்த வங்கிதான் மற்ற எல்லாவற்றுக்கும் மேடை.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் வாய்ப்பு வந்தது. இங்கிலாந்தின் நான்கு பெரிய வங்கிகளுள் ஒன்றான நாட்வெஸ்ட் செலவு மிகுந்து, மந்தமாகி, பங்கு முதலீட்டாளர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. அது லீகல் அண்ட் ஜெனரல் என்ற காப்பீட்டு நிறுவனத்தை வாங்கப் போவதாக அறிவித்தபோது பங்கு விலை சரிந்தது. உடனே எடின்பரோவின் மற்றொரு வங்கியான பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, நாட்வெஸ்ட் இயக்குநர்களின் விருப்பத்தை மீறி அதை வாங்க விலை கேட்டது. சில வாரங்களில் ராயல் பேங்கும் களத்தில் இறங்கியது. தன்னைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய வங்கியை ராயல் பேங்க் கேட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் துணிச்சல் புரியும். 2000 பிப்ரவரியில் ராயல் பேங்க் வென்றது. விலை 2,100 கோடி பவுண்டுக்கு மேல்.

வாங்குவது எளிது, இரண்டு வங்கிகளை ஒன்றாக்குவதுதான் கடினம் என்று இத்துறையில் உள்ளவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள். கணக்குப் புத்தகங்கள், கணினி முறைகள், கிளைகள், பணியாளர் ஒப்பந்தங்கள், இரு வேறு அலுவலகப் பழக்கங்கள் என எல்லாம் மோதும் இடம் அது. இங்கே குட்வின் செய்த வேலை உண்மையிலேயே அருமையானது. 18,000 வேலைகள் குறைக்கப்பட்டன, நாட்வெஸ்டின் இலட்சக்கணக்கான கணக்குகள் ராயல் பேங்கின் கணினி முறைக்குத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே மாற்றப்பட்டன, சொன்னதைவிட அதிகச் சேமிப்பு கிடைத்தது. நாட்வெஸ்ட் என்ற பெயரையும் கிளைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு பின்னணி வேலைகளை மட்டும் ஒன்றாக்கியது கூர்மையான முடிவு. ஹார்வர்ட் வணிகப் பள்ளி இந்த ஒருங்கிணைப்பைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தது. மேத்யூசன் வங்கியின் அவைத்தலைவராக மேலே போக, 2001-இல் குட்வின் முழுப் பொறுப்புள்ள முதன்மைச் செயல் அலுவலரானார். 2002-இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவரை ஆண்டின் சிறந்த வணிகராகத் தேர்ந்தெடுத்தது. வங்கித் துறைக்கு ஆற்றிய தொண்டுக்காக 2004-இல் ‘சர்’ பட்டம் வந்தது.

என் கணிப்பில், இந்த வெற்றிதான் பின்னால் நேர்ந்த எல்லாவற்றுக்கும் விதை. ஒருமுறை பலித்த வழியை அவரும் இயக்குநர் குழுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் வாய்பாடாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ராயல் பேங்குக்குச் சொந்தமான சிட்டிசன்ஸ் வங்கி அடுத்தடுத்து வங்கிகளை விழுங்கியது. 2004-இல் ஒஹையோவின் சார்ட்டர் ஒன் வங்கிக்கு மட்டும் 1,050 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் சர்ச்சில் காப்பீட்டு நிறுவனமும், சீனாவில் பேங்க் ஆஃப் சைனாவின் பங்குகளும் வாங்கப்பட்டன. அளவு பெருகுவதில் காட்டும் ஆர்வத்தைப் பங்குதாரரின் வருவாயில் காட்டுகிறாரா என்று லண்டன் நிதி வட்டாரத்தின் ஆய்வாளர் ஒருவர் 2005-இலேயே வெளிப்படையாகக் கேட்டார். அதே ஆண்டு எடின்பரோவுக்கு வெளியே கோகர்பர்னில் ஏறத்தாழ 35 கோடி பவுண்டு செலவில் எழுந்த புதிய தலைமையகத்தை எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். அங்கே தினந்தோறும் காலையில் மூத்த அலுவலர்களைக் கூட்டி ஒவ்வொருவரையும் துளைத்தெடுத்துக் கேள்வி கேட்பது குட்வினின் வழக்கம். அந்தக் கூட்டங்களைப் பற்றிப் பின்னாளில் வெளிவந்த செய்திகளைப் படித்தால், செலவு விவரங்களில் அவருக்கிருந்த பிடிப்பும், அவர் முன்னால் வாய் திறக்க மற்றவர்களுக்கிருந்த அச்சமும் ஒருசேரத் தெரிகின்றன.

செலவுப் பக்கம் இப்படி நுணுகிப் பார்க்கப்பட்டபோது, வங்கியின் ஆபத்து மற்றொரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. நாட்வெஸ்டை வாங்கியபோது அதனுடன் கிரீனிச் கேப்பிடல் என்ற அமெரிக்கக் கடன்பத்திர வணிக நிறுவனமும் சேர்ந்தே வந்திருந்தது. தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, அவற்றின் மேல் பத்திரங்கள் உருவாக்கி விற்பதில் அது வேகமாக ஈடுபட்டது. விற்காமல் வங்கியின் கையில் தேங்கிய பகுதிகள் பின்னர் பெருநட்டமாயின. வாடிக்கையாளர் போட்டு வைக்கும் வைப்புத்தொகையைவிட, சந்தையில் மற்ற நிறுவனங்களிடம் சில நாள்களுக்கும் சில வாரங்களுக்கும் வாங்கும் கடனை நம்பி வங்கி மேலும் மேலும் நடத்தப்பட்டது. சொந்த முதல் மிக மெல்லியதாகிவிட்டது. பின்னாளில் வகுக்கப்பட்ட கடுமையான பன்னாட்டு அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோது, 2007 இறுதியில் அதன் உண்மையான பங்கு மூலதனம், இடர் எடையிட்ட சொத்தில், அதாவது கடன்களையும் முதலீடுகளையும் அவற்றின் ஆபத்துக்கேற்ப எடைபோட்டுக் கூட்டிய தொகையில், ஏறத்தாழ 2 விழுக்காடுதான் என்று தெரிந்தது. நூறு ரூபாய்க் கடனுக்கு இரண்டு ரூபாய் முதல் வைத்திருப்பவர், கடன்களில் சிறு பங்கு வாராமல் போனாலே கடையை மூட வேண்டியவர். அந்தக் காலத்து விதிகள் இதை அனுமதித்தன என்பதும் உண்மை.

இப்போது ஏபிஎன் ஆம்ரோவுக்கு வருவோம். நெதர்லாந்தின் அந்தப் பழம்பெரும் வங்கியை வாங்க 2007 வசந்தத்தில் பார்க்லேஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது. குட்வின், பெல்ஜியத்தின் ஃபோர்டிஸ், ஸ்பெயினின் சான்டண்டர் ஆகிய வங்கிகளுடன் கூட்டுச் சேர்ந்து, ஏபிஎன் ஆம்ரோவை மூன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும் திட்டத்தோடு அதைவிட அதிக விலை கேட்டார். அவரை முதலில் ஈர்த்தது ஏபிஎன் ஆம்ரோவுக்குச் சொந்தமான சிகாகோவின் லாசால் வங்கி. சிட்டிசன்ஸுடன் சேர்த்தால் அமெரிக்காவில் பெரும் வங்கியாகலாம். ஆனால் ஏபிஎன் ஆம்ரோவின் நிர்வாகம் லாசாலை 2,100 கோடி டாலருக்கு பேங்க் ஆஃப் அமெரிக்காவிடம் விற்க ஏற்பாடு செய்தது. அந்த விற்பனை செல்லும் என்று ஜூலையில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதற்காக வாங்கப் போனாரோ அந்தப் பொருள் கையைவிட்டுப் போன அந்த நாளில் பின்வாங்கியிருக்கலாம். அவர் பின்வாங்கவில்லை. 7,100 கோடி யூரோ விலையில், அதுவும் 93 விழுக்காடு ரொக்கமாகக் கொடுப்பதாகச் சொல்லி முன்னேறினார். ராயல் பேங்க் தன் பங்கின் பெரும்பகுதியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தது.

இதில் எனக்கு இன்னமும் ஆற்றாமையைத் தரும் செய்தி ஒன்று உண்டு. வாங்குவதற்கு முன் ஏபிஎன் ஆம்ரோவின் உள்நிலையைச் சோதிக்க ராயல் பேங்குக்குக் கிடைத்த ஆவணங்கள் இரண்டு கோப்புகளும் ஒரு குறுந்தகடும் மட்டுமே என்று பின்னர் நடந்த விசாரணை பதிவு செய்தது. இலக்கு நிறுவனத்தின் விருப்பத்துக்கு மாறாக விலை கேட்கும்போது முழுக் கணக்கையும் திறந்து காட்டமாட்டார்கள் என்பது நடைமுறைதான். நாட்வெஸ்டையும் அப்படித்தான் வாங்கினார்கள், அது பலித்தது. ஆனால் உள்நாட்டுச் சில்லறை வங்கி ஒன்றின் செலவைக் குறைப்பதும், பல நாடுகளில் சிக்கலான கடன்பத்திரங்களை வைத்திருக்கும் வங்கியை எடுத்துக்கொள்வதும் ஒன்றாகுமா? பி.சி.சி.ஐ. என்ற வங்கியின் பிணத்தை அறுத்துப் பார்த்தவருக்கு, கணக்கில் எழுதியிருப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு என்று வேறு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழியை அவர் ஒருவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது. இயக்குநர் குழு ஒருமனதாக ஆதரித்தது. ஆகஸ்டில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் 94 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகள் ஆதரவாக விழுந்தன. அவற்றைப் போட்டவர்களில் பெரிய ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டு நிறுவனங்களும் அடக்கம். அப்போதைய கண்காணிப்பு அமைப்பான நிதிச் சேவைகள் ஆணையம் தடுக்கவில்லை. செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால் பணத்தை எடுக்க மக்கள் வரிசையில் நின்ற காட்சியை நாடே பார்த்தது. சந்தையில் கடன் கிடைப்பது நின்றுவிட்டது என்பதன் அறிகுறி அது. அதற்குப் பிறகும் அக்டோபரில் ஒப்பந்தம் நிறைவேறியது. இந்தியாவிலிருந்த ஏபிஎன் ஆம்ரோ கிளைகளின் பெயர்ப்பலகைகள் சில காலத்தில் ராயல் பேங்கின் பெயருக்கு மாறியதைப் பார்த்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த கதை இதுதான்.

2007-ஆம் ஆண்டுக்கு வங்கி 1,030 கோடி பவுண்டு செயல்பாட்டு இலாபம் காட்டியது. குட்வினுக்கு 40 இலட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியமும் ஊக்கத்தொகையும் கிடைத்தன. 2008 ஏப்ரலில் பங்குதாரர்களிடமே 1,200 கோடி பவுண்டு கேட்டு உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு விற்கும் புதிய பங்கு, வெளியிட வேண்டியதாயிற்று. அதுவரை பிரிட்டன் கண்டவற்றில் மிகப் பெரிய வெளியீடு. செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபின் கடன் கொடுப்பவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அக்டோபர் 7 அன்று ராயல் பேங்கின் பங்கு விலை தலைகுப்புற விழுந்தது. லக்சம்பர்கில் ஐரோப்பிய நிதி அமைச்சர்கள் கூட்டத்தில் இருந்த பிரிட்டன் நிதி அமைச்சர் அலிஸ்டர் டார்லிங்கை, வங்கியின் அவைத்தலைவர் டாம் மெக்கிலப் தொலைபேசியில் அழைத்தார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று டார்லிங் கேட்டதற்கு, இரண்டு மூன்று மணி நேரம் தாங்கலாம் என்ற பொருளில் விடை வந்ததாக டார்லிங் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்தார். 2 இலட்சம் கோடி பவுண்டுக்கு மேல் சொத்துக் கணக்குக் காட்டிய வங்கி அது. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைவிடப் பெரிய தொகை. அது நின்றுபோனால் பணம் எடுக்கும் இயந்திரங்கள் மறுநாள் காலையில் வேலை செய்யா, சம்பளங்கள் கணக்கில் ஏறா. பேங்க் ஆஃப் இங்கிலாந்து மறைவாக அவசரக் கடன் கொடுத்துக் காப்பாற்றியது. அக்டோபர் 17 அன்று அது 3,660 கோடி பவுண்டு வரை உயர்ந்திருந்தது என்பது ஓராண்டுக்குப் பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 13 அன்று அரசு 2,000 கோடி பவுண்டு மூலதனம் இடுவதாக அறிவித்தது. குட்வினின் பதவி விலகலும் அன்றே வெளியானது. ஸ்டீபன் ஹெஸ்டர் பொறுப்பேற்றார். 2008-ஆம் ஆண்டின் நட்டம் 2,410 கோடி பவுண்டு, அதுவரை எந்தப் பிரிட்டன் நிறுவனமும் கண்டிராதது. நட்டத்தின் அளவு பற்றிய அறிவிப்பு வெளியான 2009 ஜனவரி 19 அன்று ஒரே நாளில் பங்கு விலை 67 விழுக்காடு வீழ்ந்தது. வரி செலுத்துவோர் இட்ட மூலதனம் இறுதியில் 4,550 கோடி பவுண்டானது; வங்கியின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசின் உடைமையானது. கூட்டாளியான ஃபோர்டிஸும் அதே மாதங்களில் நொறுங்கியது.

2009 பிப்ரவரி 10 அன்று நாடாளுமன்றக் கருவூலக் குழுவின் முன் குட்வினும், மெக்கிலப்பும், மற்றொரு வீழ்ந்த வங்கியான ஹெச்.பி.ஓ.எஸ்ஸின் இரு தலைவர்களும் நின்றார்கள். நால்வரும் வருத்தம் தெரிவித்தார்கள். வங்கியாளருக்குரிய முறையான தகுதிச் சான்று உங்களில் எவருக்காவது இருக்கிறதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, எவருக்கும் இல்லை என்று தெரியவந்தது. இந்த விசாரணையில் நான் மறக்காத இடம் அதுதான். சான்றிதழ் இருந்திருந்தால் வங்கி பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுக்கும் கலையை அடியிலிருந்து கற்று வந்தவர்கள் அந்த உயரத்தில் ஒருவர்கூட இல்லை என்பதைத்தான் சுட்டுகிறேன்.

மக்களின் கோபம் உச்சத்துக்குப் போனது அந்த மாத இறுதியில். ஐம்பதே வயதான குட்வினுக்கு ஆண்டுக்கு 7,03,000 பவுண்டு ஓய்வூதியம் உடனே கிடைக்க வங்கி இயக்குநர்கள் ஒப்புக்கொண்டிருந்த செய்தி வெளியானது. பல்லாயிரம் பணியாளர்கள் வேலையையும், வங்கிப் பங்குகளில் போட்டு வைத்திருந்த சேமிப்பையும் இழந்துகொண்டிருந்த நாள்கள் அவை. மார்ச்சில் எடின்பரோவில் அவர் வீட்டு ஜன்னல்கள் உடைக்கப்பட்டன. அப்படிச் செய்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கொதிப்புக்குக் காரணம் இருந்தது. ஜூனில் அவரே இணங்கி ஓய்வூதியத்தை 3,42,500 பவுண்டாகக் குறைத்துக்கொண்டார். 2010-இல் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து ஓராண்டுக்குள் விலகினார். அதன்பின் பொது வாழ்வில் அவர் இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நிதிச் சேவைகள் ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வங்கியின் வீழ்ச்சிக்கு மெல்லிய மூலதனம், குறுகிய காலக் கடன்மேல் சார்பு, கடன்களின் தரம் பற்றிய ஐயம், கடன்பத்திர நட்டம், ஏபிஎன் ஆம்ரோ, உலகளாவிய நெருக்கடி ஆகியவற்றைக் காரணம் காட்டி, தன் சொந்தக் கண்காணிப்பும் போதாமலிருந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் குட்வின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. பொய்க் கணக்கோ மோசடியோ நிறுவப்படவில்லை, தவறான வணிக முடிவு எடுப்பது அப்போதைய சட்டத்தில் குற்றமில்லை. 2012 ஜனவரி இறுதியில் ‘சர்’ பட்டம் பறிக்கப்பட்டது. பொதுவாகச் சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கும், தொழில் அமைப்புகளால் நீக்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே அப்படிச் செய்வார்கள். இவர் இரண்டிலும் சேராதவர் என்பதால், சட்டத்தால் தண்டிக்க முடியாதவரை அவமதித்து நிறைவு காண்கிறார்களோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது, எனக்கும் அந்த ஐயம் உண்டு. ஸ்காட்லாந்தின் அரசு வழக்குத் துறை 2016-இல், வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. 2008 உரிமைப் பங்கில் பணத்தை இழந்தவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருந்தது. 2017-இல் பங்குக்கு 82 பென்ஸ் என்று வங்கி உடன்பாடு செய்துகொண்டதால் அதுவும் நடக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்கக் காத்திருந்த சிறு முதலீட்டாளர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

வங்கி 2020-இல் தன் தாய் நிறுவனத்தின் பெயரை நாட்வெஸ்ட் குழுமம் என்று மாற்றிக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் விழுங்கப்பட்ட வங்கியின் பெயரில் ஒளிந்துகொள்ள வேண்டிய அளவுக்குப் பழைய பெயர் கெட்டிருந்தது. அரசு தன் கடைசிப் பங்குகளை 2025 மே மாதத்தில் விற்று முடித்தது. போட்ட பணத்தில் ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு திரும்பவில்லை.

சட்டமும் மாறியது. 2013-ஆம் ஆண்டு வங்கிச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பற்ற முடிவால் ஒரு வங்கியை வீழ்த்தும் மூத்த மேலாளருக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கும் புதிய குற்றம் ஒன்றை ஏற்படுத்தியது. அது நடைமுறைக்கு வந்தது 2016 மார்ச்சில். அதற்குப் பிறகு எடுக்கப்படும் முடிவுகளுக்கு மட்டுமே அது செல்லும். ஏபிஎன் ஆம்ரோவை வாங்கும் முடிவு அதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது.